நஞ்சு காட்டிய வழி

மார்கழி பிறந்தால் என் மார்புக்கு நாள்காட்டி தேவைப்படுவதில்லை. விடியற்காலைப் பனியும், தெருவில் எரிக்கும் குப்பையின் புகையும், பரணிலிருந்து இறக்கிய பழைய புத்தகங்களின் தூசியும் சேர்ந்து இரைப்பைக் கொண்டுவந்துவிடும். பதினைந்து ஆண்டுகளாக உறிஞ்சு மருந்தோடு, மருத்துவர் எழுதித் தந்த மாண்டிலுகாஸ்ட் என்ற சிறு மாத்திரையையும் இரவில் உட்கொண்டு வருகிறேன். ஒவ்வாமையாலும் ஆஸ்துமாவாலும் அவதியுறுவோர் உள்ள வீடுகள் பலவற்றில் இந்தப் பெயர் அறிமுகமானதே.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். எந்தப் பொருளைக் கண்டாலும் இதன் மூலதனம் எங்கிருந்து வந்தது, பலன் கைக்கு வர எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்பது என் தொழில் தந்த பழக்கம். பணி ஓய்வுக்குப் பின் ஒருநாள் அதே கேள்வியை இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். விடையைத் தேடிச் சென்றபோது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பாம்பு நஞ்சை ஆராய்ந்த ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் சார்லஸ் ஹாலிலி கெல்லவே. ஆஸ்திரேலிய மருத்துவ வரலாற்றில் பெரிதும் மதிக்கப்படும் பெயர் அது. நம் நாட்டில் அதிகம் கேட்டறியாத பெயர்.

கெல்லவே 1889-ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று மெல்பர்னில் பிறந்தார். தந்தை ஆங்கிலிக்கன் திருச்சபையின் போதகர். செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. ஆனால் கல்விக்கு மதிப்பளித்த குடும்பம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று சிறப்பாகத் தேறிய வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. ராணுவ மருத்துவராக எகிப்திலும் பிரான்சிலும் பணியாற்றினார். 1917-இல் போர்முனையில் காட்டிய துணிவுக்காக ராணுவச் சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டது. நச்சுவாயுவின் தாக்குதலுக்கும் ஆளாகிப் போர்முனையை விட்டு விலக நேர்ந்தது. மூச்சுத் திணறல் எத்தகையது என்பதை நோயாளியின் இடத்திலிருந்தும் அவர் அறிந்திருக்கக் கூடும் என்று, அதே துன்பத்தை அனுபவிப்பவன் என்ற முறையில் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

போருக்குப் பின் லண்டனில் ஹென்றி டேல் என்ற பேரறிஞரோடு பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்தது. அப்போது மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்திய ஒரு புதிர் இருந்தது. ஒரு பொருளை முதன்முறை உடலில் செலுத்தினால் ஒன்றும் நேர்வதில்லை. சில வாரங்கள் கழித்து அதே பொருளைச் சிறிதளவு செலுத்தினாலும் விலங்கு மூச்சுத் திணறி மடிந்துவிடுகிறது. பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் ரிஷே 1902-இல் இதைக் கண்டறிந்து, 1913-இல் நோபல் பரிசு பெற்றார். கடும் ஒவ்வாமை அதிர்ச்சி என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் டேலின் ஆய்வுகளால் வலுப்பெற்று வந்தது. இந்த ஆய்வில் டேலும் கெல்லவேயும் சேர்ந்து உழைத்து, 1920-களின் தொடக்கத்தில் கட்டுரைகள் வெளியிட்டனர். கெல்லவேயின் வாழ்நாள் முழுவதும் உடன்வந்த கேள்வி அங்கேதான் முளைத்தது.

1923-இல், தம் முப்பத்து நான்காவது வயதில், அவர் மெல்பர்னில் உள்ள வால்டர் - எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். இந்த நிறுவனத்தின் பிறப்பு ஒரு பொருளியல் மாணவனின் கவனத்துக்குரியது. வால்டர் ஹால் தங்கச் சுரங்கப் பங்குகளால் பெரும் செல்வரானவர். பிள்ளைகள் இல்லை. 1911-இல் அவர் மறைந்த பின், மனைவி எலைசா 1912-இல் பத்து லட்சம் பவுண்டு கொண்டு ஓர் அறக்கட்டளை நிறுவினார். அதன் வருவாயில் ஒரு பகுதியே மருத்துவ ஆய்வுக்கு வித்தாயிற்று. முதல் இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் அறிஞர் கார்டன் மேத்திசன் பொறுப்பேற்கும் முன்பே 1915-இல் கலிப்போலிப் போரில் காயமுற்று மாண்டார். அப்படித் தடுமாறித் தொடங்கிய சிறு நிறுவனத்தை உடலியங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என்ற துறைகளாக வகுத்து, முழுநேர ஆய்வாளர்களைச் சேர்த்து, உலகம் திரும்பிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர் கெல்லவே.

1928 ஜனவரியில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பண்டபர்க் என்ற ஊரில் ஒரு பேரவலம் நிகழ்ந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பூசி போட்டுக்கொண்ட 21 குழந்தைகளில் 12 பேர் மாண்டனர். தடுப்பூசியின் மீதே மக்கள் நம்பிக்கை இழக்கும் நிலை ஏற்பட்டது. விசாரிக்க அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குக் கெல்லவே தலைமை ஏற்றார். குற்றம் தடுப்பு மருந்தின் கோட்பாட்டில் இல்லை. பலமுறை திறந்து பயன்படுத்தும் குப்பியில் கிருமித்தடுப்புப் பொருள் சேர்க்கப்படாததால் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்து பெருகியதே காரணம் என்று ஆணையம் தெளிவாக நிறுவியது. எவரையும் காப்பாற்றவோ, எவரையும் பலியிடவோ அவர் முனையவில்லை. உண்மை எங்கிருக்கிறது என்று மட்டுமே தேடினார். அந்த ஆய்வில் அவருக்குத் துணைநின்ற இளைஞர் மெக்ஃபர்லேன் பர்னட் பிற்காலத்தில், 1960-இல், நோபல் பரிசு பெற்றார்.

அதே காலத்தில் கெல்லவே பாம்பு நஞ்சுகளை ஆராயத் தொடங்கினார். ஆஸ்திரேலியா கொடிய நச்சுப் பாம்புகள் நிறைந்த நாடு. அங்குள்ள புலிப்பாம்பின் கடிக்கு முறிவு மருந்து உருவாக்கும் பணியில் அவருடைய நிறுவனமும், அரசின் ஊநீர் உற்பத்திக் கூடமும் இணைந்து செயல்பட்டன. 1930-இல் அந்த மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. இந்த இடத்தோடு அவர் நிறுத்தியிருந்தால், செலவிட்ட பணத்துக்குப் பலன் கண்டாயிற்று என்று கணக்கை முடித்திருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. நஞ்சு உயிரணுவுக்குள் என்னதான் செய்கிறது என்று கேட்டார். பாம்புக்கடியால் ஏற்படும் சில விளைவுகள், டேலிடம் தாம் கண்ட ஒவ்வாமை அதிர்ச்சியை ஒத்திருந்தது அவருடைய ஆர்வத்தைத் தூண்டியது.

இந்த இடத்தில் கதைக்குள் ஓர் அகதி நுழைகிறார். வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் பெர்லின் நகரில் உடலியங்கியல் ஆய்வாளர். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக 1933-இல் ஹிட்லர் ஆட்சி அவரை வேலையிலிருந்து விரட்டியது. லண்டனில் டேல் அவருக்கு இடம் கொடுத்தார். 1936-இல் கெல்லவே அவரை மெல்பர்னுக்கு வரவேற்றார். ஃபெல்ட்பெர்க்குக்கு ஒரு நுட்பம் கைவந்திருந்தது. மிக நுண்ணிய அளவில் சுரக்கும் வேதிப்பொருளைக்கூட, அது ஒரு சிறு தசைத் துண்டைச் சுருங்கச் செய்யும் விதத்தைக் கொண்டே அடையாளம் காணும் கலை அது. கெல்லவேயிடம் நஞ்சும் கேள்வியும் இருந்தன. ஒரு நாடு வெளியே தள்ளிய அறிவு, இன்னொரு நாட்டின் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கேள்வியோடு சேர்ந்தது.

அவர்கள் கினிப்பன்றியின் நுரையீரலைத் தனியே எடுத்து, அதன் ரத்தக் குழாய்கள் வழியே உப்புக் கரைசலை ஓடவிட்டு, அதில் நாகப்பாம்பின் நஞ்சைச் செலுத்தினர். நுரையீரலிலிருந்து வெளியேறிய நீரைச் சேகரித்து, கினிப்பன்றியின் குடல் துண்டின் மீது செலுத்திப் பார்த்தனர். எதிர்பார்த்தபடி ஹிஸ்டமின் வெளிவந்தது. அது குடல் தசையை உடனே சுருக்கும். கழுவிவிட்டால் உடனே தளர்த்திவிடும். ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது. அது மெதுவாகச் சுருக்கியது. நெடுநேரம் பிடியை விடவில்லை. என்னவென்று தெரியாத அந்தப் பொருளுக்கு, மெதுவாக வினைபுரியும் பொருள் என்றே 1938-இல் பெயரிட்டனர். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைத்த நேர்மையான பெயர் அது.

நாகத்தின் நஞ்சில் பாஸ்போலிபேஸ் என்ற நொதி உண்டு. நம் உயிரணுக்களின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பு வகைப் பொருள்களால் ஆனது. அவற்றுள் ஒன்றான லெசித்தினிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தை இந்த நொதி வெட்டி எடுக்கிறது. எஞ்சுவது லைசோலெசித்தின், அது சவ்வுகளைச் சிதைக்கவல்லது. நஞ்சு உண்டாக்கும் விளைவுகளுக்கும் இந்தக் கொழுப்புச் சிதைவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஃபெல்ட்பெர்க்கும் கெல்லவேயும் கருதினர். பின்னாளில் ஆஸ்துமா ஆய்வு முழுவதும் நடக்கவிருந்த பாதையின் திசையை அவர்கள் தொட்டிருந்தார்கள்.

1938-இல் ஃபெல்ட்பெர்க் இங்கிலாந்து திரும்பினார். கெல்லவே, டிரெத்தேவி என்ற ஆய்வாளரோடு பணியைத் தொடர்ந்தார். இம்முறை நஞ்சு இல்லை. ஒரு புரதத்துக்கு ஏற்கெனவே ஒவ்வாமை ஏற்படுத்தப்பட்ட கினிப்பன்றியின் நுரையீரலில் அதே புரதத்தைச் செலுத்தினர். ஹிஸ்டமினோடு, மெதுவாக வினைபுரியும் பொருளும் வெளிவந்தது. 1940-இல் இந்த முடிவை வெளியிட்டனர். பாம்பு தீண்டாத நுரையீரலிலும் அத்தகைய பொருள் பிறக்கிறது என்றால், அதைப் பிறப்பிக்கும் கருவி உடலுக்குள்ளேயே இருக்க வேண்டும். நஞ்சால் வெளிவந்த பொருளும் ஒவ்வாமையால் வெளிவந்த பொருளும் எல்லா வகையிலும் ஒன்றல்ல என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும் கேள்வியைச் சரியான இடத்துக்கு நகர்த்தியது அந்த 1940-ஆம் ஆண்டுக் கட்டுரைதான். அதே ஆண்டில் அவர் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பின்னர் உலகப் போர் மீண்டும் அவரை அழைத்துக்கொண்டது. ராணுவ மருத்துவப் பணிகள் அவருடைய நேரத்தை விழுங்கின. 1944-இல் பர்னட்டிடம் நிறுவனத்தை ஒப்படைத்துவிட்டு, லண்டனில் வெல்கம் அறக்கட்டளையின் ஆய்வுப் பணிகளுக்குத் தலைமையேற்கச் சென்றார். அங்கேயே 1952 டிசம்பர் 13 அன்று, தம் 63-ஆவது வயதில் காலமானார். தாம் கண்ட அந்தப் பொருள் வேதியியல் நோக்கில் எது என்பதை அறியாமலேயே மறைந்தார்.

விடை கிடைக்க மேலும் 27 ஆண்டுகள் ஆயின. பிரிட்டனில் பிராக்கிள்ஹர்ஸ்ட், ஒவ்வாமைக்கு உள்ளான மனித நுரையீரலிலிருந்தும் இந்தப் பொருள் வெளிப்படுவதைக் காட்டினார். ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளுக்கு இது கட்டுப்படுவதில்லை என்பதும் 1960 வாக்கில் தெளிவாயிற்று. தும்மலுக்கும் தடிப்புக்கும் உதவும் அந்த மருந்துகள் ஆஸ்துமாவுக்குப் போதாமல் போவதன் காரணங்களுள் ஒன்று அப்போது புலப்பட்டது. 1979-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பெங்க்ட் சாமுவெல்சன் குழுவினர் அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்து லியூகோட்ரையீன் என்று பெயரிட்டனர். 1982-இல் சாமுவெல்சன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்று நாம் அறிவது இதுதான். மகரந்தமோ தூசியோ மூச்சுக்குழாயில் பட்டதும், ஒவ்வாமை உள்ளவரின் சில உயிரணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் பாஸ்போலிபேஸ் நொதி, சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை வெட்டி எடுக்கிறது. நாகத்தின் நஞ்சில் உள்ள நொதி செய்யும் அதே வகை வேலையை நம் சொந்த நொதியே செய்கிறது. அந்த அமிலம் அடுத்து ஒரு கவர் வழியில் நிற்கிறது. ஒரு பக்கம் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி அதை ப்ராஸ்டகிளாண்டின்களாக மாற்றுகிறது. மறுபக்கம் ஐந்து-லைப்பாக்சிஜனேஸ் என்ற நொதி அதை லியூகோட்ரையீன் பாதையில் செலுத்துகிறது. மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் லியூகோட்ரையீன்கள் ஹிஸ்டமினைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமை கொண்டவை. சளியைப் பெருக்கி, குழாயின் உட்சுவரை வீங்கவும் செய்கின்றன. ஆஸ்பிரின் முதல் பாதையை அடைப்பது. அதை உட்கொண்டால் ஆஸ்துமா நோயாளிகளுள் ஒரு சிலருக்கு மற்றப் பாதை மேலோங்கி இரைப்பு மிகுவதன் பொருளும் இதிலிருந்து விளங்குகிறது.

பாதை தெரிந்ததும் தடுப்பதற்கு வழி பிறந்தது. லைப்பாக்சிஜனேஸ் நொதியையே முடக்கும் சைலூடான் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லியூகோட்ரையீன் சென்று பற்றும் ஏற்பியை மறைத்து நிற்கும் மாண்டிலுகாஸ்ட் 1998-இல் வந்தது. கெல்லவேயின் கட்டுரைக்கும் என் இரவு மாத்திரைக்கும் இடையே 58 ஆண்டுகள்.

இந்த மருந்தைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. ஆஸ்துமாவுக்கு முதன்மையான மருத்துவம் இன்றும் உறிஞ்சு வழி ஸ்டீராய்டு மருந்துகளே. மாண்டிலுகாஸ்ட் சிலருக்கு மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, தற்கொலை எண்ணம் போன்ற கடுமையான மனநலப் பாதிப்புகளை உண்டாக்கக் கூடும் என்பதால், 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் எச்சரிக்கையை உச்ச நிலைக்கு உயர்த்தியது. ஆகவே மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தவறு. தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவரின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

இவ்வரலாற்றை எழுதத் தூண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. துறைத் தலைவராக இருந்த காலத்தில், ஆய்வு நிதியைப் பங்கிடும் ஒரு குழுவில் நான் உறுப்பினராக இருந்தேன். விலங்கியல் துறை நண்பர் ஒருவர் தேளின் நஞ்சில் உள்ள நொதிகளை ஆராயச் சிறு தொகை கேட்டிருந்தார். இதனால் யாருக்கு என்ன பயன், எத்தனை ஆண்டில் கிடைக்கும் என்று கேட்டவன் நான்தான். அவரால் விடை சொல்ல முடியவில்லை. என் வாக்கும் சேர்ந்து அந்த விண்ணப்பம் தள்ளப்பட்டது. அந்தத் தொகை நாற்காலிகள் வாங்கப் போயிற்று. அதன்பின் அவர் நிதி கேட்டு எழுதவே இல்லை. என் கேள்வி பொருளியல் பாடப்படி சரியானது. ஆனால் 1938-இல் கெல்லவேயிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவராலும் விடை சொல்லியிருக்க முடியாது.

அடிப்படை ஆய்வின் பலன் எங்கே, யாருக்கு, எப்போது சேரும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடியாது. தனியார் முதலீடு அதில் தயங்குவது இயல்பு. அதனால்தான் அரசும் அறக்கட்டளைகளும் அங்கே முன்வர வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் 2020-21-இல் நம் நாடு செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. இந்தத் தொகையை உயர்த்துவது முதல் தேவை. பயன் என்ன என்ற கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியாத ஆய்வுகளுக்கென அதில் ஒரு பங்கை ஒதுக்கிவைப்பது அடுத்த தேவை. வேறிடத்தில் விரட்டப்பட்ட அறிவாளருக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கொடுக்கும் மனமும் வேண்டும். மெல்பர்னில் இந்த மூன்றும் ஒருங்கே அமைந்தன.

கெல்லவேயைப் பற்றிப் படித்து முடித்த அன்று, அந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பேச்சினிடையே என் மூச்சின் ஒலியைக் கவனித்துவிட்டு, இரைப்பு எப்போதிருந்து என்று விசாரித்தார். பிறகு, நான் ஒருமுறைகூடக் கேட்க முன்வராத தம் தேள்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இம்முறை நான் குறுக்கிடவில்லை.